சுனைக்காரச் சிறுமியின் வயது

என் மகளுக்கு ஒன்பது வயது. பார்க்கிறவர்களுக்கு ஆறு. எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி இதனால் வந்தவை.

கருமத்தம்பட்டியிலிருந்து பீளமேட்டுக்குத் தனியார் பஸ்ஸில் ஏறினால், நடத்துநர் அவளைப் பார்த்துவிட்டு, "சின்னப் பாப்பாவுக்கு டிக்கெட் வேண்டாமுங்க" என்பார். உபகாரம் செய்கிற நினைப்பு அவருக்கு. அவள் முகம் சுண்டிப் போகும். "எனக்கு ஒம்பதுங்க. அரை டிக்கெட் குடுங்க" என்பாள். பஸ்ஸே சிரிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குறை ஒன்றும் இல்லை, மெதுவாக வளர்வாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுக்கவா முடியும்?

அந்தச் சமயத்தில்தான் அந்த அனிமேஷன் படம் வந்தது. மலைச்சுனை ஒன்றைக் காவல் காக்கும் சிறுமியின் கதை. சுனைத் தண்ணீரைக் குடித்ததால் அவளுக்குச் சாவு கிடையாது, வளர்ச்சியும் கிடையாது. இடுப்புயரம்தான் இருப்பாள். ஆனால் தாடி நரைத்த ஊர்த்தலைவர்கள் அவள் முன்னால் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். என் மகள் அந்தக் காட்சியில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

பள்ளி ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிக்கு அந்தச் சிறுமியாகத்தான் போவேன் என்று மறுநாளே சொல்லிவிட்டாள். அந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. வேஷம் போட்டவர்கள் மைக்கில் தாங்கள் யார், எந்த ஊர், என்ன வயது என்று சொல்ல வேண்டும். வெண்டைக்காயாக வருகிறவனுக்கு இதில் கவலை இல்லை. இவளுக்கு இருந்தது. படத்தில் யார் வயதைக் கேட்டாலும் அந்தச் சிறுமி, "மலையைக் கேள்" என்று சிரித்துவிட்டு ஓடிவிடுவாள்.

"ஆயிரம்னு சொல்லிரு கண்ணு. யாரு போயிப் பாக்கப் போறாங்க?" என்றேன் நான், காய் நறுக்கிக்கொண்டே.

"என்னையப் பாத்து எல்லாரும் வாய்க்கு வந்த வயசச் சொல்றாங்க. நானும் இவளுக்கு அப்படியே சொல்லோணுங்களாம்மா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சிறுமியின் சரியான வயதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு எண். ஒருவன் நூற்றைம்பது என்றான், இன்னொருத்தி பத்தாயிரம் என்றாள். இருவரும் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதை மூடிவிட்டு, அதே மடிக்கணினியில் படத்தையே மறுபடி பார்ப்பதென்று மூவரும் உட்கார்ந்தோம்.

என் கணவர் சோமனூரில் தறி ஓட்டுகிறவர். சிறுமி முதன்முதலாகத் திரையில் வந்ததுமே நிறுத்தச் சொன்னார். பாவாடைக் கரையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் கரை கைத்தறியில வராது புள்ள. மிஷின்ல ஓட்டுனது. நூறு வருசத்துக்கு மேல ஒரு நாளும் இருக்காது. எழுதி வெச்சுக்க."

மகள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அப்பா, துணியத்தான மாத்தியிருப்பாங்க? ஆளு அதேதானுங்களே."

அவர் விரலைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார். தறிக்காரர் கண்ணுக்கு ஆளைவிடத் துணிதான் முதலில் தெரியும் போலிருக்கிறது. இதை வைத்து நான் அவரை ஒரு வாரம் ஓட்டினேன்.

வழி காட்டியது ஊர்த்தலைவர் வீட்டுச் சுவர்தான். அங்கே அப்பன், பாட்டன், பூட்டன் என்று பன்னிரண்டு தலைவர்களின் ஓவியங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் பழைய ஓவியத்தின் மூலையில், சுனையருகே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஏதோ ஒன்று தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கினோம். அவளேதான். அதற்குப் பிறகு தலைமுறைக்கு எத்தனை வருடம் என்று எனக்கும் கணவருக்கும் சண்டை. அவர் இருபத்தைந்து என்றார். நான் முப்பதுக்குக் குறையாது என்றேன். "அந்தக் காலத்துல நம்மளாட்டப் படிச்சுப்போட்டா கல்யாணம் பண்ணுனாங்க?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பன்னிரண்டு தலைமுறைக்கு முந்நூறு என்று ஒத்துக்கொண்டேன்.

"அது மலையில இருந்த வருசம். தண்ணியக் குடிச்சப்ப எத்தன வயசு?" என்றாள் மகள்.

இதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. மறுபடி முதலிலிருந்து ஓட்டினோம். கணவர் கொட்டாவி விட்டார். சிறுமியின் இடப்பக்கக் காதோரம் முள் சிக்கிக்கொள்ளும் காட்சி வந்தது. இடக்கையில் குடம். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து அந்த முள்ளை எடுப்பாள்.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று எனக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தலைமையாசிரியர் என் வலக்கையைத் தலைக்கு மேல் போட்டு இடக்காதைத் தொடச் சொன்னார். விரல் காதைத் தொட்டது. "எட்டிருச்சு, அஞ்சு முடிஞ்சுது" என்று மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொண்டார். எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இப்படி மே மாதத்தில் பிறந்தவர்கள்தான்.

திரையில் சிறுமியின் விரல்கள் காதோடு நிற்கவில்லை. காதைத் தாண்டி, தாடையின் ஓரம்வரை வந்திருந்தன. ஐந்து, ஆறு வயதுக் கை அப்படி வராது.

மகள் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள். கையைத் தலைக்கு மேல் போட்டாள். அவள் விரல்களும் தாடையோரத்தைத் தொட்டன. கையை எடுக்காமலே கேட்டாள்: "அப்ப அவளுக்கும் ஒம்பதுங்களாம்மா?"

மருத்துவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். "ஒம்பதேதான் சாமி" என்றேன்.

ஆண்டுவிழாவில் அவள் முறை வந்தபோது நடுவர் நாற்காலியில் இருந்தபடியே குனிந்து கொஞ்சினார். "அட, ஒண்ணாங்கிளாஸ் பாப்பாவா? வயசு சொல்லத் தெரியுமா கண்ணு?"

நான் எழுந்துவிட்டேன். கணவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"முந்நூத்தி ஒம்பதுங்க" என்றாள் அவள்.

"அடேங்கப்பா! எப்படிக் கண்டுபுடிச்ச?"

"மலையில முந்நூறுங்க. தலைவர் ஊட்டுப் படத்த எண்ணுனோம். தண்ணி குடிக்கறப்ப ஒம்பது. அதுக்குச் சாட்சி இருக்குதுங்க." மைக்கை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்த் தாடையைத் தொட்டுக் காட்டினாள். அவசரமே படவில்லை.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தால், அப்பாக்களும் அம்மாக்களும் ஆளாளுக்குக் கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். நடுவரும்தான். அவர் கையை இறக்கிவிட்டு, கொஞ்சுவதை விட்டுவிட்டு, "சரிங்க அம்மணி. உங்களுக்கு எத்தன வயசுங்க?" என்று கேட்டார்.

"எனக்கும் ஒம்பதுங்க. நாலாவது படிக்கறேன்."

பரிசு வெண்டைக்காய்க்குப் போனது. திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் எங்கள் பக்கம் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். அவர் ஒரு கணம் அந்தக் கையையும் காதையும் பார்த்தார்.

"தாண்டியே போச்சுங்களே" என்று சொல்லி, அரை டிக்கெட்டைக் கிழித்து அவளிடமே நீட்டினார். இறங்கும்வரை அதை அவள் எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு வந்தாள்.