வட்டி இல்லாத ஒரே கடன்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிப்பவளுக்கு வாய்த்த பட்டப்பெயர் ‘ரொட்டேஷன்’. இங்கே வாங்கி அங்கே அடைப்பதில் அப்படியொரு கெட்டிக்காரி. வங்கித் தவணைக்குச் செல்போன் செயலியில் கடன், செயலிக்கு நகை அடகு. சம்பளம் வந்த சுவடே தெரியாது. ஊரே சிரித்தது, அவளும் கூடச் சிரித்தாள். வேறென்ன செய்வாள் பாவம்.

நிர்வாகம் பண ஆலோசகர் ஒருத்தியை ஏற்பாடு செய்தது. டீயைக் குறை, ஆசையைக் குறை என்று உயிரை வாங்கப் போகிறாள் என எல்லோரும் முகம் சுளித்தார்கள். அவள் அப்படியெல்லாம் பேசவில்லை. கடனை அடைக்கக் கடன் வாங்கக் கூடாது, வட்டி அதிகமானதை முதலில் தீர்க்க வேண்டும் என்றாள். நல்ல யோசனைதான், குற்றம் சொல்ல முடியாது. இவள் கடன்களில் சொந்த அக்கா கொடுத்திருந்த பணத்துக்கு மட்டும் வட்டி கிடையாது. அதனால் அது வரிசையில் கடைசிக்குப் போனது.

“அக்கா அவசரப்படுத்த மாட்டாங்களே?” என்று ஆலோசகர் கேட்டாள்.

“எங்கக்காவா? வாயத் திறக்க மாட்டா,” என்றாள் இவள், பெருமையாக.

சொன்னபடியே செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு புதுக்கடன் வாங்காமல் இருந்தாள். செயலிக்காரர்களின் மிரட்டல் அழைப்புகள் நின்றன, நகை வீடு திரும்பியது. இடையில் அக்கா சில தடவை வந்தாள். கணவருக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை என்றாள், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள், போய்விட்டாள். “அடுத்தது உன் கணக்குதான்கா,” என்று இவள் வாசல்வரை வந்து தெம்பாகச் சொல்லி அனுப்பினாள்.

கடைசியில் மொத்தப் பணத்தையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் யாரோ ஓர் ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அக்கா பணத்தை வாங்கி, எண்ணிக்கூடப் பார்க்காமல், அப்படியே அவனிடம் நீட்டினாள். அவன் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, இது வட்டிக்குச் சரியாகிவிட்டது, அசல் அப்படியே நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அறுவை சிகிச்சைக்கு வாங்கிய கடன்.

இவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா முதல்ல உனக்குக் குடுத்திருப்பேனேக்கா.”

அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை.

“அன்னைக்கு நீ மட்டும் எங்கடி கேட்ட? உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தானே குடுத்தேன்.”