கன்னத்தில் விழுந்த பொட்டு

கல்லூரியில் என் முகத்தை நானே வரையக் கண்ணாடி முன் உட்கார்ந்தேன். கண்ணாடியில் விலைச்சீட்டைப் பிய்த்த பசைத் தடம் சரியாக என் கன்னத்தில் தெரிந்தது. நான் வளர்ந்த, துபாய் பக்கத்து அஜ்மான் வீட்டுக் குளியலறையின் ஈரச் சோப்பு வாசனை நினைவில் வந்துவிட்டது.

குளிக்கும் முன் அம்மா தன் ஸ்டிக்கர் பொட்டை அங்கிருந்த கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். சிறுமியாக இருந்தபோது அந்தக் கண்ணாடியைப் பார்த்து என்னை வரைந்தேன்; பொட்டு என் கன்னத்தில் விழுந்தது. அப்படியே வரைந்தேன்.

அப்பா சிரித்தார். “கன்னத்துல யாராவது பொட்டு வைப்பாங்களா? அழிச்சிடும்மா.”

அம்மா ரப்பரைப் பிடுங்கிக்கொண்டாள். “அவ பார்த்ததைத்தானே போட்டிருக்கா? அது என் பொட்டு, இருக்கட்டும்.”

இன்று பசைத் தடம் இருந்த இடத்தில் சிவப்புப் பொட்டு வைத்துப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். டியூட்டியிலிருந்தே குரல்பதிவு அனுப்பினாள்:

“உன் முகத்துல முதல்ல என்னைத்தான்டி தேடினேன். இருக்கேன்.”