மாப்பிள்ளை காரின் வைத்தியர்

வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரின் திரையில் எழுத்து வருவதற்கு முன்பே, "சென்சார் போயிருச்சு" என்று சொல்லிவிட்டார் மெக்கானிக். எழுத்து வந்தபின் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படித்து, தலையாட்டி, மறுபடியும் நெற்றிக்கு ஏற்றினார். "நான் சொல்லல?" வண்டிக்காரர் மறுத்துப் பேசவில்லை. இந்தப் பட்டறையில் மறுத்துப் பேசியவர் யாரும் அன்றைக்கே வண்டியைத் திரும்ப எடுத்துப் போனதில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் சென்சார்காரர். என்ஜின் இருமினாலும் சென்சார், திணறினாலும் சென்சார். டிக்கிக் கதவு மூடவில்லை என்று வந்த ஒருவரிடமும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்பேனரோடு வண்டிக்கடியில் கிடந்ததெல்லாம் பழைய கதையாம். இப்போது பானட்டைத் திறப்பதுகூட ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். "சென்சாருங்கறது வீட்டுக்கு வந்த மருமக மாதிரி. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் மொத்தமா கொட்டிரும்" என்பார். அவருக்கு மருமகள் கிடையாது. இருப்பது ஒரே மகள். அவள் கணவர் பரம சாது.

அந்தச் சாதுவின் பழைய கார்தான் இப்போது வைத்தியத்தில் இருந்தது. மகளுக்கு நிறைமாதம். எந்த நேரமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காரோ நின்ற இடத்தில் உதறியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் எச்சரிக்கை மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை தயங்கித் தயங்கி, "வேற எங்கயாவது ஒருதடவை காட்டிரலாமா மாமா?" என்று கேட்டுவிட்டார்.

"என் பொண்ண ஏத்திட்டுப் போற வண்டிய இன்னொருத்தன் தொடறதா? நான் எதுக்கு இருக்கேன் மாப்ளே?"

மாப்பிள்ளை கார்ச் சாவியை எடுத்து நீட்டினார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் நாளே அவர் நோயைச் சரியாகப் பிடித்துவிட்டார். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தது. மாற்றினார். விளக்கு அணைந்தது, உதறல் நின்றது. அத்தோடு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கலாம். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்த மாமனாருக்கு எழுந்திருக்க மனம் வரும்? "கையோட இதையும் மாத்திரலாம்" என்று, என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சாரையும் கழற்றிப் புதிது போட்டார். அதற்காக அவிழ்த்த ரப்பர் குழாயைத் திரும்பச் செருகினார். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முறுக்க மட்டும் மறந்துவிட்டார். அந்த நேரத்தில் மாப்பிள்ளைக்குச் சென்சாரின் அருமை பெருமைகளை விளக்கிக்கொண்டிருந்தார், பாவம்.

மறுநாளே விளக்கு எரிந்தது. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று புது ஆக்சிஜன் சென்சார் அழாத குறையாகச் சொன்னது. அவர் காற்றைத் தேடவில்லை. சொன்ன சென்சாரைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டார். அதுவும் அதையே சொன்னது. பிறகு சூடு பார்க்கும் சென்சாரை மாற்றினார், அதற்குப் பிறகு இன்னொன்றை. "இப்பல்லாம் புதுசே டூப்ளிகேட்டா வருது மாப்ளே" என்றார். மாப்பிள்ளை "ஆமா மாமா" என்றார். இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான் அந்த மனிதர் குடும்பம் நடத்துகிறார்.

ஒரு பிற்பகலில் மகளுக்கு வலி எடுத்தது. மாப்பிள்ளை ஓட்ட, மாமனார் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்னாலிருந்து மகள் கத்தினாள்: "அப்பா, அந்த டப்பாவ மூடி வைப்பா!"

"நீ மூச்ச இழுத்து விடு கண்ணு. இந்த நம்பர் மட்டும் கொஞ்சம் ஏறுது, அதத்தான் பாக்கறேன்."

பெரிய திருப்பத்தில் கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. சாவியைத் திருகத் திருக, என்ஜின் பிடித்துப் பிடித்து அணைந்தது. பின்னால் ஹாரன்கள் காதைப் பிளந்தன. மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள்.

அவர் ஓடிப்போய் பானட்டைத் தூக்கினார். ரப்பர் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிளாம்பு அதன் கழுத்தில் வளையலாக ஆடியது. யார் கைவேலை என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் நிஜமான பயம்தான். ஆனால் மாப்பிள்ளை இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. முதுகால் மறைத்துக்கொண்டு குழாயைச் செருகினார், கிளாம்பை முறுக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ளே!"

ஒரே திருகலில் என்ஜின் பிடித்துக்கொண்டது. உதறல் இல்லை. கார் ஆஸ்பத்திரிச் சாலையில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"என்ன மாமா ஆச்சு?"

"வேறென்ன, சென்சார்தான். மாத்திட்டேன்." அடுத்து மாற்றலாம் என்று வாங்கி வைத்திருந்த சென்சாரின் பெட்டியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

மாப்பிள்ளையின் பார்வை சாலையை விட்டு ஒரு கணம் திரும்பி, பெட்டியின் வாயில் ஒட்டியிருந்த கம்பெனி முத்திரைத்தாளில் நின்றது. அது பிரிக்கப்படவே இல்லை. மாமனாரும் அப்போதுதான் கவனித்தார். மாப்பிள்ளை மறுபடி சாலையைப் பார்த்தார். பின்னால் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மாமனார் பெட்டியை மடிக்கு இறக்கினார், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கட்டைவிரல் நகத்தால் அந்தத் தாளைச் சத்தமில்லாமல் கிழிக்க ஆரம்பித்தார்.