ஏர் ஃபில்டருக்குப் பூட்டு

மரியம்மாளுக்கு யார் மேலயும் நம்பிக்கை கெடையாது. ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவுல டீசல் ஷேர் ஆட்டோ ஓட்டற ஒரே பொம்பளை அவதான். பங்க்ல டீசல் போட்டா மீட்டர் ஜீரோவுல இருந்து ஓடுதான்னு கழுத்தை நீட்டிப் பார்ப்பா. பூக்காரி முழம் போட்டுக் குடுத்தா, தன் கையாலயும் ஒரு தடவை அளந்து பார்த்துட்டுத்தான் தலையில வைப்பா. ஸ்டாண்டுல அவளுக்கு 'சிபிஐ'ன்னு பேரே வச்சிட்டாங்க. வச்சா வச்சுக்கினு போறானுங்க, எனக்கின்னா வந்துது அப்படின்னு அவ பாட்டுக்கு வண்டிய ஓட்டிக்கினு இருப்பா.

சும்மா வந்துடல அந்த சந்தேகம். மூணு வருஷத்துக்கு முன்னால வாலாஜாபாத்துல ஒரு ஒர்க் ஷாப்புல வண்டிய விட்டுட்டு, அரை மணி நேரம் சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா. அந்த அரை மணிக்குள்ள புது ஏர் ஃபில்டரைக் கழட்டிக்கினு, யாரோ தூக்கிப் போட்ட பழசை உள்ள சொருகிட்டான் பாவி. ஏன்டான்னு கேட்டதுக்கு, "பொம்பளைக்கு இன்னாம்மா தெரியும் இதெல்லாம்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னைக்கும் அவ காதுல கேக்குது. அன்னையில இருந்து வண்டியில மாட்டற ஒவ்வொரு சாமான் மேலயும், மக சுகாசினியோட ஆரஞ்சு நெயில் பாலிஷால ஒரு பொட்டு வைப்பா. ஏர் ஃபில்டர் டப்பாவுக்குக் கொண்டி வெல்டிங் வச்சு, குட்டிப் பூட்டு ஒண்ணும் மாட்டிட்டா. சாவி கழுத்துச் செயின்ல சிலுவையோட சேர்ந்து தொங்கும். ஏர் ஃபில்டருக்குப் பூட்டு போட்ட ஆட்டோ தமிழ்நாட்டுலயே அது ஒண்ணாத்தான் இருக்கும்.

இப்போ வண்டிக்கு எஃப்.சி., அதான் ஃபிட்னஸ் சர்டிபிகேட், முடியுது. செவ்வாய்க்கிழமை பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால வண்டிய நிறுத்தணும், அதுக்கு முன்னால புகை சர்டிபிகேட் கையில இருக்கணும். எஃப்.சி. இல்லாம ரோட்டுல இறங்கினா புடிச்சு வச்சிடுவாங்க. தெனம் காலையில ஏழரைக்கு ஐயம்பேட்டையில இருந்து தறி வேலைக்குப் போற எட்டு பொம்பளைங்க அவ வண்டியத்தான் நம்பிக்கினு இருக்காங்க. நாலு நாள் வண்டி வரலன்னா போதும், எப்போ எப்போன்னு பார்த்துக்கினு இருக்கிற அதே ஸ்டாண்டு ஆட்டோக்காரன் சிட்டிபாபு அந்த எட்டு பேரையும் அப்படியே தன் வண்டியில ஏத்திக்குவான். பதினோரு வருஷ நடை. கைய விட்டுப் போச்சுன்னா போனதுதான்.

சனிக்கிழமை காலையில புகை டெஸ்ட் எடுக்கிற இடத்துக்குப் போனா. தினகரன்னு ஒரு ஆளு சைலன்சர்ல குழாயை சொருகிட்டு, "நல்லா முறுக்கும்மா"ன்னான். முறுக்கினா. கன்னங்கரேல்னு புகை வந்து பின்னால நின்ன வேன்காரன் மூஞ்சியில அடிச்சுது. மீட்டர்ல எழுபத்தெட்டு. அறுபத்தஞ்சுக்குள்ள வந்தாத்தான் பாஸ்.

"உன் மெஷின் சரியா இருக்குதாப்பா?"

"மெஷினை விடும்மா. புகை கண்ணாலயே தெரியுதே."

தெரியத்தான் செஞ்சுது. ஆனாலும் அடுத்த வேனுக்கு எவ்ளோ காட்டுதுன்னு நின்னு பார்த்தா. அது பாஸ் ஆயிடுச்சு. மெஷின் மேல பழி போட முடியல. அடுத்து பங்க் மேல சந்தேகம் வந்துச்சு. தண்ணி பாட்டில்ல கொஞ்சம் டீசல் புடிச்சு வெயில்ல தூக்கிப் பார்த்தா. டீசலும் சுத்தமாத்தான் இருந்துச்சு.

நேரா சின்ன காஞ்சிபுரத்துக்கு, நமச்சிவாயம் ஒர்க் ஷாப்புக்கு வண்டிய விட்டா. ரெண்டு வருஷமா அவ வண்டியப் பார்க்கிற மெக்கானிக் அவர். அறுபது வயசு, பேச்சு கம்மி. வண்டியச் சுத்தி வந்து, "ஏர் ஃபில்டரைத் தொறக்கலாமா மரியம்மா?"ன்னார்.

"அதெல்லாம் சுத்தமாத்தான் இருக்குதுண்ணா. அதை நான் பார்த்துக்கறேன். மத்ததைப் பாருங்க."

அவரும் அதை விட்டுட்டார். இன்ஜின்ல டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணார், டீசல் பம்ப்பைப் பார்த்தார். இவ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கினு அவர் கையையே பார்த்துக்கினு உட்கார்ந்திருந்தா. டீ வாங்கிக் குடுத்தாங்க, ஆறிப் போச்சு. கண்ணை எடுத்தாத்தான குடிக்கிறதுக்கு!

அப்புறம் வந்துச்சு பாருங்க தலைவலி. இன்ஜினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற நாசிலைக் கழட்டி பக்கத்துத் தெருவுல இருக்கிற பம்ப் கடையில டெஸ்ட் பண்ணணும்னு அவர் எடுத்துக்கினு கெளம்பினார். நாசில் பின்னால போனா வண்டி தனியா நிக்கும். வண்டியோட இருந்தா நாசில் தனியாப் போவும். இன்னா பண்றதுன்னு தெரியாம வாசலுக்கும் வண்டிக்கும் நடந்தா, நடந்தா, கால் வலிக்க நடந்தா. அவர் திரும்பி வர சரியா அரை மணி ஆச்சு. அதே அரை மணி!

மாட்டிக்கினு மறுபடியும் டெஸ்டுக்குப் போனா. எழுபத்தாறு.

அவ்ளோதான். வந்த வேகத்துக்கு ஒர்க் ஷாப் வாசல்ல பிரேக் கிறீச்சுன்னுச்சு. "ஏன்ண்ணா, நல்ல நாசிலை எவனுக்குக் குடுத்த? அரை மணி நேரம் அங்க இன்னா பண்ணிக்கினு இருந்த? பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிட்டியா?" தெருவுல போறவங்க நின்னு பார்த்தாங்க. எதிர் வீட்டுல தறிக்குப் பாவு நூல் சுத்திக்கினு இருந்தவங்ககூட எட்டிப் பார்த்தாங்க.

நமச்சிவாயம் மொகம் சிவந்து போச்சு. ஸ்பேனரை எடுத்து நாசிலைக் கழட்டி, துணியால தொடைச்சு, அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினார். பக்கவாட்டுல அவ வச்ச ஆரஞ்சுப் பொட்டு அப்படியே இருந்துச்சு.

"இது யார் வச்ச பொட்டும்மா?"

தோத்துட்டா, ஆனா வாய் அடங்குதா? "பொட்டை யார் வேணா வைக்கலாம்"னா.

"சரி. இந்த வண்டியில நான் தொடாதது ஒண்ணே ஒண்ணுதான். அந்த டப்பா. அதை நீயே தொற. நான் கையக் கட்டிக்கினு தள்ளி நிக்கறேன்."

சாவியை வாங்கத்தான் இத்தனை நாடகமோன்னு அப்பவும் ஒரு நெனப்பு ஓடுச்சு அவளுக்கு. ஆனா அவர் நெஜமாவே கையக் கட்டிக்கினு சுவர் ஓரமாப் போய் நின்னுட்டார். செயினைக் கழட்டி, பூட்டைத் தொறந்து மூடியை எடுத்தா.

உள்ள ஃபில்டரே தெரியல. கருப்பா, கம்பளி மாதிரி ஒரு பொதி. போன வருஷம் அவளே சுத்தின பழைய காட்டன் புடவைத் துணி அது, ரெட்டை மடிப்பு. தறியில வேலை இல்லாதப்போ பாவு மேல தூசி விழாம துணி போத்தி வைப்பாங்க இல்ல? அவ வண்டியில வர்ற பொம்பளைங்க சொல்லப் போயி, ஃபில்டருக்கும் அதேதான் நல்லதுன்னு சுத்தி, தறிக்கார முடிச்சாப் போட்டு, முடிச்சு மேல பொட்டும் வச்சிருந்தா. பூட்டுதான் இருக்குதே, எவன் தொடப் போறான்னு அப்புறம் தொறக்கவே இல்ல. ஒரு வருஷத்துத் தூசி பூரா அந்தத் துணியில அப்பிக்கினு, இன்ஜினுக்கு மூச்சே போகாம அடைச்சிருந்துச்சு. முடிச்சும் பொட்டும் அப்படியே இருந்துச்சு. எவனும் தொடல.

"ஏசுவே"ன்னு அப்படியே தரையில உட்கார்ந்துட்டா.

துணியை அவுத்தா ஃபில்டரும் நைஞ்சு போயிருந்துச்சு. கடைக்குப் போன் பண்ணா, திங்கக்கிழமைதான் சரக்கு வரும்னாங்க. டெஸ்ட் எடுக்கிற இடம் சாயங்காலம் மூடிட்டா, ஞாயிறு லீவு, திங்கள் மெஷின் சர்வீசுக்குப் போவுதுன்னு தொறக்க மாட்டாங்க. நமச்சிவாயம் ஓரமா நின்னுக்கினு இருந்த தன்னோட சொந்த லோடு ஆட்டோகிட்டப் போனார். அதே இன்ஜின்தான். அதுல இருந்து புது ஃபில்டரைக் கழட்டிக்கினு வந்தார். மாட்டறதுக்கு முன்னால கைய நீட்டினார்.

"அந்த நெயில் பாலிஷைக் குடு."

குடுத்தா. அவர் நிதானமா ஃபில்டர் மேல ஒரு பொட்டு வச்சு ஊதினார். "உள்ள போறது என் பொருளு. உன்னை நம்பி எப்படிம்மா அனுப்பறது?"

வாலாஜாபாத்துக்காரன் சிரிச்சப்போகூட அவளுக்கு இவ்ளோ வலிக்கல. டெஸ்ட் எடுக்கிற இடம் வரைக்கும் கண்ணு கலங்கிக்கினே வண்டிய ஓட்டினா. முறுக்குன்னாங்க, முறுக்கினா. நாப்பத்தி மூணு. தினகரன் சர்டிபிகேட்டை நீட்டினான். வண்டி நம்பர் சரியா இருக்குதான்னுகூடப் பார்க்காம மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கினா.

திங்கக்கிழமை மதியம் தன் வண்டிக்குப் புது ஃபில்டரை மாட்டிட்டு, அவரோடதைப் பேப்பர்ல சுத்திக் கொண்டு போய்க் குடுத்தா. அவர் பேப்பரைக்கூடப் பிரிக்கல. அப்படியே தன் வண்டி சீட்டுல வச்சார்.

"பொட்டு இருக்குதான்னு பார்க்கலையாண்ணா?"

"எதுக்கு? நீதான கொண்டாந்த."

"தப்பா பேசிட்டேண்ணா, தெருவே பார்க்க பேசிட்டேன்"னா. பைக்குள்ள கைய விட்டு அந்தக் குட்டிப் பூட்டையும் சாவியையும் எடுத்து அவர் கையில வச்சா. "இனிமே எனக்கு வேணாம். உங்க டூல்ஸ் பெட்டிக்கு ஆவும்."

நமச்சிவாயம் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டுக் கடைக்காரன் ரெண்டு சாவி குடுத்திருப்பானே?"

மரியம்மாள் ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தா. அப்புறம் மெதுவா, சிலுவையோட இன்னொரு சாவி தொங்கின கழுத்துச் செயினைக் கழட்டினா.