மருத்துவர் சொன்னதும் நான் சொன்னதும்

கல்முனைக்குத் தெற்கே, கடலோரத்து ஊர் ஒன்றில் நான் விஞ்ஞான ஆசிரியை. ஆங்கிலமும் ஓரளவு வரும். இந்த இரண்டுக்காகவும்தான் காக்காவோடு, என் அண்ணனோடு, வைத்தியத்துக்குச் சீனாவுக்குப் போக வீட்டில் என்னைத் தெரிவு செய்தார்கள். மதினியால் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. காக்கா என் கூடப்பிறந்தவர் என்பதால் அவரோடு நான் தூரப் பயணம் போவதை ஊரில் யாரும் குறை சொல்லவும் இல்லை.

காக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவர். வேளாண்மைக்காரர். எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு மதினியின் வீட்டுக்குக் குடிபோனார். அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மூன்று வளவுகள்தான் இருந்தன. வேளாண்மைக் காலத்தில் அவர் வட்டையிலேயே, வயல்வெளியிலேயே கிடப்பார். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் நின்றார். மகளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது, ஜனவரியில் பாடசாலைக்குச் சேர்க்க வேண்டும், சப்பாத்து வாங்கக் கல்முனைக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்.

தண்ணீர் வந்தபோது கைப்பிள்ளையை மதினியிடம் கொடுத்து, பக்கத்து மாடிவீட்டுப் படியில் அவளைத் தள்ளி ஏற்றிவிட்டு, மகளைத் தூக்க முற்றத்துக்கு ஓடினார். மகளின் கையைப் பிடித்தேன் என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை அவர் யாருக்கும் சொன்னதில்லை. இடிந்து விழுந்த மதிலுக்கும் தென்னைக்கும் நடுவில் கிடந்த அவரைப் பின்னேரம்தான் இழுத்தெடுத்தார்கள். மகளின் மையத்து அதற்கு முன்பே கிடைத்து, மற்றப் பிள்ளைகளோடு அன்றைக்கே அடக்கிவிட்டார்கள். காக்கா நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்த மருத்துவர், இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார். காக்கா சக்கர நாற்காலியில் ஊருக்கு வந்தார். முதலில் தகரக் கொட்டில், பிறகு நிறுவனம் ஒன்று கட்டிக் கொடுத்த சின்ன வீடு. மகளை அடக்கிய மையவாடி கடற்கரைப் பக்கம், முழுவதும் மணல். நாற்காலியின் சில்லு வாசலிலேயே புதைந்துவிடும். அவருடைய கூட்டாளிமார் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று எத்தனையோ தரம் கேட்டார்கள்.

"தூக்கிக்கொண்டு போக நான் என்ன மையத்தா? நடந்து போவன். அவள்ர கபுறடிக்கு நடந்துதான் போவன்" என்பார்.

அப்படி இரண்டு வருடம் போனது. எங்கள் ஊரில் துணி வியாபாரி ஒருவர் சாமான் எடுக்கச் சீனாவுக்குப் போய் வருபவர். தென் சீன நகரம் ஒன்றில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்குப் புது மருத்துவம் பார்க்கிறார்கள் என்று அவர்தான் வந்து சொன்னார். பிறந்த பிள்ளைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இருந்து உயிர்க்கலங்களைப் பிரித்து முதுகில் ஏற்றுகிறார்களாம். காக்கா என்னைக் கூப்பிட்டு, இது மெய்யா என்று கேட்டார். அப்படி ஆராய்ச்சி நடக்கிறது, அது மெய்தான் என்றேன். அந்த மாதமே வாப்பாவின் வயலில் ஒரு துண்டை விற்றோம்.

கொழும்புக்கு வாடகை வேனில் போனோம். கிழக்கில் சண்டை ஓய்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சோதனைச் சாவடி ஒன்றில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். காக்காவால் ஏலாது என்று சொன்னேன். சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்து, மூடியிருந்த போர்வையைத் துவக்கு நுனியால் தூக்கினான். மெலிந்துபோன இரண்டு கால்களையும் பார்த்துவிட்டு, போர்வையைத் தன் கையாலேயே திரும்ப மூடி, போகச் சொன்னான்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்கு ஐந்தாம் மாடி. வேறு வேறு நாட்டுக்காரர் நாற்காலிகளில் இருந்தார்கள். காக்காவைக் கழுவித் துடைப்பதும் சிறுநீர்ப் பையை மாற்றுவதும் என் வேலையானது. முதல் இரண்டு நாளும் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "மன்னிச்சிக்க புள்ள" என்று சொன்னார். மூன்றாம் நாள் சொல்வதை விட்டுவிட்டார். சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லை. தெருமுனையில் சீன முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கடை இருந்தது. பெயர்ப்பலகையில் அரபு எழுத்தைக் கண்டு நான் ஸலாம் சொன்னேன், கடைக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் எங்களுக்குப் பொதுவான சொல் ஒன்றும் இல்லை. தினமும் ஒரு கோப்பை சூப் கூடுதலாக ஊற்றித் தருவாள்.

எங்களைப் பொறுப்பெடுத்தவர் ஓர் ஆராய்ச்சி மருத்துவர். என் வயதுப் பெண். கண்ணாடி போட்டவர், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார். ஆங்கிலத்தைச் சொல் சொல்லாக, கவனமாகப் பேசுவார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்று தெரிந்ததும் கீழ் மாடியில் இருந்த ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப் போனார். நுணுக்குக்காட்டியில் அந்தக் கலங்களைக் காட்டினார். வட்ட வட்டமாக, அசைவில்லாமல், சவ்வரிசி ஊறியதைப் போலக் கிடந்தன. பல வருடமாக எலிகளோடுதான் வேலை செய்ததாகச் சொன்னார். முதுகில் காயம் செய்து, பின்கால் இழுபடும் எலிகளுக்கு இந்தக் கலங்களை ஏற்றிப் பார்த்த படம் ஒன்றைக் காட்டினார். சில எலிகள் சில கிழமைகளில் பின்காலை ஊன்றி நடந்தன. அந்தப் படத்தைக் காக்காவுக்கும் காட்ட வேண்டும் என்று நான்தான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

காக்கா அதை நான்கு தரம் போடச் சொல்லிப் பார்த்தார்.

மறுநாள் கையெழுத்து வைக்கும் நாள். மருத்துவர் கட்டில் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். என்னைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "இது சிகிச்சை இல்லை, இன்னும் ஆராய்ச்சிதான். நீங்கள் பார்த்த எலிகளுக்குக் காயம் பட்டு ஒரு கிழமைக்குள் ஊசி போட்டோம். இவருடைய காயம் இரண்டு வருடத்துக்கும் மேல் பழையது. உள்ளே தழும்பு இறுகியிருக்கிறது. இப்படிப்பட்ட காயத்தில் நான் இதுவரை ஒரு பலனையும் காணவில்லை. காய்ச்சல் வரலாம், வலி வரலாம். நடக்கலாம் என்று எண்ணி இவர் கையெழுத்து வைப்பதென்றால், வைக்க வேண்டாம். இதை அப்படியே அவருக்குச் சொல்லுங்கள்."

காக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்றா?"

அவருடைய கண்ணை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. விற்ற வயலும் வந்த தூரமும்கூட எனக்கு அப்போது நினைவில் வரவில்லை. இரண்டு வருடத்தில் அந்த முகத்தில் நான் காணாத வெளிச்சம் ஒன்று அன்று இருந்தது. அதை என் வாயால் அணைக்க ஏலாமல் போய்விட்டது.

"புது மருத்துவமாம் காக்கா. காய்ச்சல் வருமாம். பொறுமையா இரிக்கணுமாம்."

"நடப்பனாமா?"

"சில பேருக்கு நல்லா வருமாம். அல்லாஹ் நாடினா."

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் நிறையச் சொன்னேன். நீங்கள் கொஞ்சம்தானே சொன்னீர்கள்" என்றார்.

"எங்கள் மொழியில் சுருக்கமாகச் சொல்லலாம்" என்றேன்.

காக்கா கையெழுத்து வைத்தார்.

கிழமைக்கு ஒன்றாக நான்கு ஊசி. இரண்டாவதுக்குப் பிறகு காய்ச்சல் பிடித்து மூன்று நாள் உதறியது. மூன்றாவதுக்குப் பிறகு, வலது தொடையில் சூடு ஓடுவதைப் போல இருக்கிறது என்றார். மருத்துவர் வந்து, கண்ணை மூடச் சொல்லி, ஊசிமுனையால் இடம் இடமாகத் தொட்டுச் சோதித்தார். ஒவ்வொரு தரமும் அவர் குரல் கொடுத்ததும், தொடுவது தெரிந்தால் ஓம் என்றும் தெரியாவிட்டால் இல்லை என்றும் காக்கா சொல்ல வேண்டும்.

"ஓம்" என்றார் காக்கா. ஊசி தொட்டிருந்தது. "ஓம்" என்றார் மறுபடி. ஊசி தொடவே இல்லை. மருத்துவரின் கை காற்றில் நின்றது. "ஓம், இப்ப நல்லா விளங்குது" என்றார். அப்போதும் தொடவில்லை.

மருத்துவர் தாளில் எழுதிக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னாலேயே போய், என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். மாற்றம் இல்லை என்று எழுதியதாகச் சொன்னார். சந்தேகம் என்றாவது எழுதக்கூடாதா என்று கெஞ்சினேன்.

"நான் அப்படி எழுதினால், அந்தச் சொல்லை நம்பி இன்னொருவர் இன்னொரு ஊரில் இருந்து வருவார்" என்றார். பிறகு மெதுவாக, "நீங்கள் அவருக்கு நான் சொன்னதைச் சொல்லவில்லை, இல்லையா?" என்று கேட்டார். அவர் ஏசவில்லை. "அதைச் சொல்ல எனக்கு அவருடைய மொழி தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்தோம். காக்கா காலையும் மாலையும் கட்டிலில் கம்பியைப் பிடித்து எழும்பப் பார்ப்பார். மதினி காலைப் பிடித்து மடக்கி நீட்டுவாள். கலங்கள் வேர் விட நாளாகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். வட்டைக் கதை கதைத்துச் சிரிப்பார். மையவாடிக்குத் தூக்கிப் போகிறோம் என்று கூட்டாளிமார் கேட்டால், "இன்னும் கொஞ்ச நாள்தான், மறுகா நானே வாறன்" என்பார்.

அடுத்த வருடம் மருத்துவர் எனக்கு மின்னஞ்சல் எழுதினார். பழைய காயம் உள்ளவர்களில் நான் எந்த மாற்றத்தையும் காணவில்லை, இனி ஆட்களுக்கு ஊசி போடப்போவதில்லை, எலிகளிடமே திரும்பிவிட்டேன் என்று இருந்தது. கல்முனையில் ஒரு இணையக் கடையில் இருந்து அதை வாசித்தேன். அச்சு எடுக்காமல், கணினியை மூடிவிட்டு வந்தேன். காக்காவுக்குச் சொல்லவில்லை. இன்னொரு தரம் ஊசி போட வேண்டும், எழுதிக் கேள் என்று அவர் சொன்னபோது, எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன்.

அதற்கடுத்த வருடம் மே மாதம் வடக்கிலும் சண்டை முடிந்தது. ரோட்டில் வெடி கொளுத்தினார்கள். சாவடியில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் ஆட்கள் வெளியே நின்று பார்த்தார்கள், இனிப் பயமில்லாமல் வட்டைக்குப் போகலாம் என்றார்கள். அந்தக் கிழமை எங்கள் ஆசிரியர் அறையில் திருக்கோவிலில் இருந்து வரும் தமிழ் ஆசிரியை ஒருவர் அசையாமல் இருந்தார். அவருடைய தம்பி கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தவர். மாதக்கணக்கில் செய்தி இல்லை. நான் பக்கத்தில் போய், அல்லாஹ் காப்பாற்றுவான், எங்கேயாவது முகாமில் இருப்பார் என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க ரீச்சர்" என்றார். "எல்லாரும் அதைத்தான் சொல்லுறாங்க. செத்திட்டான் எண்டு ஆராவது சரியாச் சொன்னாக் காணும். நான் இரிந்து அழுவன். இப்ப அழவும் ஏலாம இரிக்கன்."

அன்று பின்னேரம் நான் காக்காவிடம் போனேன். மதினி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் முதல்நாள் சொன்னதை, வசனம் வசனமாக, அவர் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். ஊசி தொடாமலே அவர் ஓம் சொன்னதையும் மின்னஞ்சலையும் சொன்னேன்.

"எல்லாம் உனக்கு அப்பயே தெரியுமா?" என்று கேட்டார்.

"ஓம் காக்கா."

"ரெண்டு வருசம் புள்ள." அவருடைய குரல் உயரவில்லை. "ரெண்டு வருசமா அவள்ர கபுறடிக்குப் போகாம இரிக்கன். இந்தா நடப்பன், இந்தா நடப்பன் எண்டு. நீ சொல்லியிருந்தா அண்டைக்கே தூக்கச் சொல்லிப் போயிரிப்பனே."

நான் அவருடைய காலைப் பிடித்தேன். அந்தக் கால்களுக்கு அது தெரியாது. "எடு கையை. போ" என்றார்.

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. நான் போனால் கண்ணை மூடிக்கொள்வார். மதினிதான் மூன்றாம் வெள்ளி வந்து சொன்னாள், ஜும்ஆத் தொழுகை முடிந்து கூட்டாளிமாரைக் கூப்பிட்டு, தூக்கிக்கொண்டு போங்கள் என்று அவரே சொன்னாராம். நான்கு பேர் கதிரையோடு தூக்கிப் போனார்கள். பெண்கள் நாங்கள் மையவாடிக்குள் போவதில்லை. ரோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு வேலியோடு ஒதுங்கி நின்றேன். பிள்ளைகளை அடக்கிய இடம் ஒரு நீளமான மணல் மேடு. எந்த இடத்தில் எந்தப் பிள்ளை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. கதிரையை இறக்கச் சொன்னார். பிறகு தன்னையும் கதிரையில் இருந்து இறக்கச் சொல்லி, மணலில் இருந்தார். மேட்டின் ஒரு முனையில் இருந்து மற்ற முனைவரை, கையை ஊன்றி உடம்பை இழுத்து இழுத்துப் போனார். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். உடம்பு ஏலாமல் போகும்வரை அடுத்த வெள்ளிகளிலும் அப்படியே போனார்.

அப்படி இழுபட்டதில்தான் புண் வந்தது என்று சிலர் சொன்னார்கள். அதற்கு முன்பே படுக்கைப்புண் இருந்தது, எனக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கடைசிக்கு முதல் நாள் என்னைப் பார்த்து, "தண்ணி தா" என்றார். கொடுத்தேன். குடித்தார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மருத்துவருக்கு அவர் மவுத்தான செய்தியை எழுதினேன். நான் எப்போது உண்மையைச் சொன்னேன் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறேன், அன்றைக்கு இன்னொரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியிருக்க வேண்டியது என் கடமை என்று எழுதியிருந்தார். அவருடைய பிழை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

மதினி என்னைக் கோபித்ததே இல்லை. "அந்த ரெண்டு வருசமும் மனிசன் சிரிச்சிக்கொண்டு இரிந்தாரு. அது உன்னாலதான் புள்ள" என்பாள். அவள் மனதாரச் சொல்கிறாள். கேட்கும்போது எனக்கும் அப்படித்தான் என்று தோன்றும். வீட்டுக்கு வந்தபின் கணக்குப் பார்ப்பேன். அவர் உயிரோடு மகளிடம் போனது ஐந்தே ஐந்து வெள்ளிக்கிழமை.