மன்றத்துக் கேரம் போர்டு

கேரம் போர்டில் பேத்தி முகப்பவுடரைத் தூவினாள். அந்த வாசனையில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருமுனையில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த இளைஞர் மன்றம் எழுந்து வந்தது. இன்று அங்கே செல்போன் கோபுரம் நிற்கிறது.

போர்டு கொடுத்த அரசாங்கம் பவுடர் கொடுக்காததால் அண்ணன் என் டப்பாவைத்தான் தினமும் தூக்கிக்கொண்டு போவான். அதைத் திருப்பி வாங்கும் சாக்கில் நானும் பின்னாலேயே போய், ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு, புதுச் சுண்ணாம்பின் குளிர்ச்சி கன்னத்தில் பட, ரேடியோச் செய்தியையும் காய்கள் மோதும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கூலி நெல் கூடுதலாகக் கேட்டு எங்கள் ஆட்கள் அறுப்பை நிறுத்திய வருஷம், மிராசுதாரின் அடியாட்கள் வருவதாகச் சேதி வந்தது. ஆண்கள் வயலுக்குள் ஓடி ஒளியாமல் மன்றத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள்.

"சர்க்கார் எடம். இங்க வந்து எவன் கை வைப்பான்?" என்றான் அண்ணன்.

அடியாட்கள் வரவில்லை. போலீஸ் லாரி வந்தது.

சாயங்காலம் எட்டிப் பார்த்தேன். தரையெல்லாம் என் பவுடர், அதன்மேல் பூட்ஸ் தடங்கள். டப்பா நசுங்கிக் கிடந்தது. வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணனின் வலது கைக்கு மாவுக்கட்டு போட்டிருந்தார்கள்.

"மிராசு ஆளுங்கதானே அடிச்சாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லம்மா. போலீசு."

அம்மா அழவில்லை. தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் தேர்தல் மை இன்னும் போகவில்லை.

"நாம ஓட்டுப் போட்ட சர்க்காரா?" என்றாள்.