பதினெட்டாம் பெருக்குக்குக் கடலுக்கு ஒரு வேன்

ஆள் சேர்ப்பது சகாயமேரிக்குக் கைவந்த வேலை. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் காயைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குகிறவள் அவள். கை அழுகலை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பயணத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று வாய் விசாரித்துக்கொண்டிருக்கும். வருடா வருடம் வேளாங்கண்ணிக்கு வேன் பிடிப்பவள் அவள்தான்.

அத்தனை தடவை போயும் கடலில் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. கூட்டி வந்தவள் ஆயிற்றே, எல்லோருடைய பையும் செருப்பும் போனும் அவள் மடிக்குத்தான் வரும். மற்றவர்கள் அலையில் கத்திக்கொண்டு கிடக்க, இவள் மணலில் உட்கார்ந்து சாமானுக்குக் காவல் இருப்பாள்.

இந்தத் தடவை வேண்டுதல் எதுவும் கிடையாது. சென்னைக் கடற்கரைச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பூங்கா. செயற்கை அலை, வளைந்து வளைந்து இறங்கும் சறுக்கு, மதிலுக்கு அந்தப் பக்கம் நிஜக் கடல். மகள் பிளசி போனில் காட்டியதிலிருந்து சகாயமேரிக்கு அதே நினைப்பு.

"இந்த வாட்டி நானும் எறங்குவேன். பைய யாருவேணா பாத்துக்கங்க" என்று மண்டியில் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"சேலையோட வுட மாட்டாங்களாம் மேரி. டவுசர் போடணுமாம்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் தீர்த்தம்மாள்.

"போட்டா போச்சு."

"எம் புருசன் பாத்தா யாரோ போலீசம்மான்னு சலாம் போட்டுருவாரு."

எந்த நாளில் போவது என்பதுதான் பிரச்சினை. தக்காளி ஞாயிற்றுக்கிழமைக்காகப் பழுக்காமல் இருக்காது. அவர்கள் மண்டி மூடுவது ஆடிப் பதினெட்டுக்கு மட்டும்தான். அன்றைக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது. சகாயமேரி அந்த நாளையே குறித்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேன் ஓட்டும் மாதுவுக்கு போன் போட்டபோது அவர் சிரித்தார்.

"ஏம்மா, பதினெட்டு அன்னிக்கு நம்ம ஜில்லாவுல டயர் இருக்கறதெல்லாம் ஒகேனக்கல்லுக்குதான் போவும். நீ கடலுக்குக் கூப்படற."

மாதா கோயில் தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஆடிப் பதினெட்டு என்றால் மண்டி லீவு, அவ்வளவுதான். தீர்த்தம்மாளை முறைத்தாள்.

"உனக்குமாக்கா தெரியாது?"

"நீ நாள் குறிச்சா எல்லாம் யோசிச்சுதான் குறிச்சிருப்பேன்னு இருந்துட்டேன்."

வேறு வேன்களையும் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட மிச்சமில்லை. மாதுவின் வேனும் வாடகைக்குப் போகாது. அதில் அவர் குடும்பமே ஒகேனக்கல் போகிறது. "வூட்ல நீயே வந்து கேளும்மா. நான் கேட்டா ராத்திரி சோறு கெடைக்காது" என்றார் அவர்.

சாயங்காலமே சகாயமேரியும் தீர்த்தம்மாளும் அவர் வீட்டுக்குப் போனார்கள். மாதுவின் மனைவி அமுதவல்லி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சகாயமேரி விஷயத்தைச் சொன்னாள். அமுதவல்லியின் கத்தி நிற்கவில்லை.

"பதினெட்டுக்கு ஆத்துல முழுவி மஞ்சக்கயிறு மாத்தணுங்க. கடல்ல மாத்துவாங்களா?"

"போற வழியில காவேரிப்பட்டணத்துல பெண்ணையாறு இருக்குதுங்களே அண்ணி. விடியக்காலம் நிறுத்துவோம். நீங்களும் எங்களோட வாங்க."

கத்தி நின்றது. "எங்கம்மா வூடு அங்கதான். கல்யாணத்துக்கு முன்னாடி பெண்ணையாத்துலதான் முழுவுவேன்."

"அப்ப ஒகேனக்கல்லு?" என்றார் வாசலில் நின்ற மாது.

"ஒகேனக்கல்லுல நான் என்னத்தக் கண்டேன்? ஒரு முழுக்குப் போட்டு ஏறுனா உங்க சொந்தக்காரங்க பையெல்லாம் எங்கிட்ட. நீங்க பரிசல்ல சுத்துவீங்க, அருவியில நிப்பீங்க, மீன் வறுவல் துன்னுட்டு வருவீங்க. நான் பாறை மேல குந்திக்கிட்டு துணி மூட்டைக்குக் காவலு."

சகாயமேரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேளாங்கண்ணி மணலையும் செருப்புக் குவியலையும் சொன்னாள். அமுதவல்லியும் சிரித்தாள், அவரைக்காய் மடியிலிருந்து சரிந்தது.

"அந்த சறுக்கு ரொம்ப உசரமுங்களா?"

"போன்ல இருக்குது, பாருங்க அண்ணி."

பார்த்தாள். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். மாதுவின் சொந்தக்காரர்களை அவர் தம்பி பஸ்ஸில் ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போகட்டும் என்று அப்போதே முடிவும் சொல்லிவிட்டாள்.

"அதெல்லாஞ் சரி," என்றார் மாது, "நானும் அந்தச் சறுக்குல ஒரு தரம் போயிப் பாக்கறேன்."

சகாயமேரியும் அமுதவல்லியும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"நீங்க எப்புடிங்க போவ முடியும்?" என்றாள் அமுதவல்லி. "பையெல்லாம் யாரு பாத்துக்கறது?"